வால் சுழி வைத்த வாக்குமூலம்

ஒன்றரைப் பக்கம், பதினேழு திருத்தங்கள். நீதிமன்றக் கோப்பில் இருக்கும் அந்த வாக்குமூலத்தை யார் எடுத்து எண்ணினாலும் கணக்கு அதுதான். எழுத்துப் பிழை ஆறு, கேள்விக்குறி இரண்டு, வால் சுழி ஒன்பது. திருட்டை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னால் ஆட்கள் அழுவார்கள், காலில் விழுவார்கள், மயங்கிச் சாய்வார்கள். உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தவர் அந்தக் காவல் நிலையத்தின் வரலாற்றிலேயே இவர் ஒருவர்தான்.

வயது நாற்பத்து நான்கு. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் பதினோரு வருடமாகப் பிழை திருத்துகிறார். அங்கே அவருக்குப் பெயர் ‘ரெண்டு சுழி’. கல்யாணப் பத்திரிகையில் எல்லாக் கண்டமும் ணகர னகரத்தில்தான் இருக்கிறது. மூணு சுழி போட்டால் மணமகன், ரெண்டு சுழி போட்டால் மனமகன். எந்தத் தாளைக் கையில் வாங்கினாலும் முதலில் சுழிகளை எண்ணுவார். பிறகு தேதிக்குக் கிழமை பொருந்துகிறதா என்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் யாருக்கு யாரோடு கல்யாணம் என்பதே அவர் மூளைக்குள் போகும். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், ஓட்டல் பலகையில் எங்கே பிழையைக் கண்டாலும் கை பரபரக்கும்.

“தலையில ரெண்டு சுழி இருந்தா ரெண்டு கல்யாணம்னு சொல்வாங்க” என்பார் அவர் மனைவி. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவருக்கு. “இவருக்கும் ரெண்டுதான். இன்னொருத்தி அந்தச் சிவப்புப் பேனா.”

அந்தப் பேனாதான் வம்பை வாங்கி வந்தது.

அவருடைய சைக்கிள் தொலைந்துபோனது. புகார் கொடுக்கக் காவல் நிலையம் போனார். வாசலில் ஒரு பலகை: ‘பொதுமக்கள் கவணத்திற்கு. மணு கொடுப்பவர்கள் வரிசையில் நிற்கவும். மீறினால் தண்டணை.’ மூன்று வாக்கியம், மூன்று பிழை. ரெண்டு சுழி வரிசையில் நின்றார். ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு சமாளித்தார். ஆறாவது நிமிடம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூன்று இடத்திலும் வட்டமிட்டு, பக்கத்தில் ‘ன’ என்று எழுதிவிட்டார்.

பலகையை எழுதியவர் நிலையத்தின் ரைட்டர். புகார், பதிவேடு, வாக்குமூலம் என்று எழுத்து வேலை முழுக்க அவர் பொறுப்பு. பெருத்த உடம்பு, கனத்த மீசை. ரெண்டு சுழி ‘ன’ அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது, இளைத்துப்போய்க் கிடக்கிறதாம். போலீஸ் எழுத்து என்றால் கம்பீரமாக மூணு சுழியோடு இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

“யாரு இதைக் கிறுக்கினது?”

“கிறுக்கல சார், திருத்தினேன். கவனத்துக்கு ரெண்டு சுழி.”

“நீ எனக்குத் தமிழ் வாத்தியாரா?”

“இல்ல சார், பத்திரிகை பாக்கறவன்.”

பத்திரிகை என்றதும் ரைட்டர் ஒரு கணம் பின்வாங்கினார். நிருபர் என்று நினைத்துவிட்டார். கல்யாணப் பத்திரிகைதான் என்று தெரிந்ததும் முன்னைவிட இரண்டு மடங்கு கோபம் வந்தது. புகாரை வாங்கி வைத்துக்கொண்டார். அச்சகத்தின் முகவரியையும் குறித்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அச்சகத்துக்குப் பக்கத்துக் கிடங்கில் பன்னிரண்டு சீலிங் ஃபேன் களவு போயின. கிடங்குக்காரர் பெரிய இடம். ஒரு வாரத்துக்குள் ஆள் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள். ஆள் எங்கே கிடைப்பான் என்று ரைட்டர் குறிப்பேட்டைப் புரட்டினார். கிடங்கை ஒட்டி ஒரு முகவரி ஏற்கெனவே அவர் கையெழுத்திலேயே இருந்தது.

திங்கட்கிழமை, ஒன்பதாம் தேதி, காலை பதினொரு மணி. இரண்டு காவலர்கள் அச்சகத்துக்குள் வந்தார்கள். ரெண்டு சுழி முகம் மலர்ந்து எழுந்தார்.

“சைக்கிள் கிடைச்சிடுச்சா சார்?”

“கிடைச்சிடுச்சு, வா, அடையாளம் காட்டு.”

மேசையில் பாதி பார்த்த ஒரு மெய்ப்பு கிடந்தது. “மணப்பெண்ணோட அப்பா பேர்ல ஒரு ஒற்று விட்டிருக்கு, பாத்துக்கோ” என்று கணினியில் எழுத்தடிக்கும் கம்போசிங் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனவர், அந்த நாற்காலிக்குத் திரும்பி வர நாற்பத்து மூன்று நாள் ஆயிற்று.

நிலையத்தில் இரண்டு நாள். பிடித்தவரை ஒரு நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். என்ன நடந்தது என்று அவரைக் கேட்டால் வேகமாகச் சொல்லித் தாண்டிவிடுவார். கன்னத்தில் அறைந்ததில் இடது காதுக்குள் ஒரு விசில் சத்தம் வந்தது, இன்னும் போகவில்லை. “குக்கர் வச்சிட்டு மறந்த மாதிரி” என்பார். உள்ளங்காலில் அடித்ததைப் பற்றிப் பேச மாட்டார். மூன்று வாரம் குதிகாலை ஊன்றாமல் நடந்ததை மட்டும் மனைவி சொல்வார்.

நடுவில் வீட்டுக்கும் கூட்டி வந்தார்கள், களவுப் பொருளை மீட்க. வீட்டில் இருந்ததே ஒரு ஃபேன். ஒன்பது வருடமாகக் கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மாடி வீட்டு மாமாவிடம் ஏணி இரவல் வாங்கி, அதையே கழற்றினார்கள்.

“பாத்துக் கழட்டுங்க, ஒரு றெக்கை வளைஞ்சிருக்கும்” என்றார் மனைவி. கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஃபேனைத் தெரிந்தவர் சொல்லித்தானே ஆக வேண்டும்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மாமாவுக்குச் சங்கதி புரியவில்லை. “முடிஞ்சதும் எங்க வீட்டுக்கும் ஒரு எட்டு வாங்க சார். எங்களுது சுத்தறதே இல்ல” என்றார்.

‘புத்தம் புதிய மின்விசிரி ஒன்று’ என்று ரைட்டர் மீட்புப் பட்டியலில் எழுதினார்.

பதினோராம் தேதி மதியம் வாக்குமூலம் தயாரானது. ரைட்டரே எழுதியிருந்தார். “படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு” என்று தாளையும் பேனாவையும் நீட்டிய நேரம் பார்த்து அவருக்குத் தொலைபேசி வந்தது. வாசல் பக்கம் போனார். படி என்று ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். யாரும் படித்ததில்லை.

ரெண்டு சுழி படித்தார்.

முதல் வரியில் ‘எணது’. கை தானாகப் போய் வட்டமிட்டது. அடுத்து ‘மணைவி’. ‘நான் மணமுவந்து’ என்று வந்த இடத்தில், அத்தனை வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனம் உவந்து சொல்ல வேண்டியதை ரைட்டர் கல்யாண வாசனையில் உவந்து சொல்ல வைத்திருந்தார். ‘ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை’ என்று ஒரு வரி. ஒன்பது திங்கள் என்றால் ஐந்து எப்படி வெள்ளி ஆகும்? ஓரத்தில் ‘கிழமை?’ என்று எழுதினார். ‘சுவற்றில் ஏறிக் கவணமாகக் குதித்து’ என்பதில் சுவற்றைச் சுவராக்கினார், கவணத்தைக் கவனமாக்கினார். மின்விசிரிக்குப் பெரிய ‘றி’ போட்டார். பிறகுதான், பதினோரு வருடப் பழக்கப்படி, வார்த்தைகளைத் தாண்டி விஷயம் மூளைக்குள் போயிற்று. எந்தச் சுவர்? யார் குதித்தது?

அச்சகத்தில் ஒரு வரி வேண்டாம் என்றால், ஓரத்தில் ஒரு சின்னச் சுழி போட்டு வாலை நீட்டி விடுவார்கள். வால் சுழி. அந்த வரியை எடுத்துவிடு என்று பொருள். தப்பான ஒரு வரியை இதுவரை அச்சுக்கு விட்டதில்லை என்கிற கை, ஒன்பது வரிகளுக்கு ஒன்பது வால் சுழி போட்டது. ‘பதினோராம் தேதி காலை காவலர்கள் என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள்’ என்ற வரியில் பதினொன்றை வட்டமிட்டு ‘9?’ என்று கேட்டது. கடைசியில், எந்த மெய்ப்பிலும் எழுதுவதையே எழுதியது: ‘திருத்தங்களுடன் சரி.’ கீழே கையெழுத்து.

தொலைபேசியை வைத்துவிட்டு வந்த ரைட்டர் ‘சரி’ என்ற சொல்லைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். ஓரத்தில் வரிசையாக இருந்த சுழிகளைச் சுருக்கொப்பம் என்று எடுத்துக்கொண்டார். “வரிக்கு வரி வச்சிருக்கியே, கெட்டிக்காரன்!” என்று முதுகில் தட்டினார்.

சிறையில் அவர் கழித்த நாட்கள் நாற்பத்தொன்று. அங்கேதான் பூட்டுக்காரரோடு சிநேகம். பூட்டு ரிப்பேர் செய்கிறவர். ஒரு கால் சூம்பியவர், ஊன்றுகோலோடு நடப்பவர். பூட்டை உடைத்து நகை எடுத்ததாக வழக்கு. ஏழு மாதமாக உள்ளே இருந்தார். களவைவிட அந்தச் சொல்தான் அவரை வாட்டியது.

“உடைச்சேனாம்! நான் ஏம்ப்பா உடைக்கணும்? திறப்பேனே! தொழில்காரனைப் பாத்துச் சொல்ற வார்த்தையா இது?”

அவருடைய வாக்குமூலத்தின் நகலை ரெண்டு சுழி வாங்கிப் பார்த்தார். ‘மணமுவந்து’. அப்புறம், ‘சுவற்றில் ஏறிக் கவணமாகக் குதித்து’.

“அண்ணே, நீங்க சுவர் ஏறிக் குதிச்சீங்களா?”

பூட்டுக்காரர் ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினார். “இதையும் வச்சுக்கிட்டுக் குதிச்சிருந்தா என்னைச் சர்க்கஸ்ல சேத்திருப்பாங்க, ஜெயில்ல ஏன் சேக்கறாங்க?”

செய்தி பரவிற்று. அந்த நிலையத்திலிருந்து வந்த ஒவ்வொருவரும் தங்கள் தாளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். சிமெண்டு மூட்டை திருடியதாகச் சொல்லப்பட்ட கொத்தனார் குதித்திருந்தார். கோழி திருடியவர் குதித்திருந்தார். பூட்டுக்காரரோடு சேர்த்து ஐந்து பேர்; ஐந்து பேரும் மணமுவந்து, ஒரே வார்த்தைகளில், கவணமாகக் குதித்திருந்தார்கள்.

“சுவர் ஒண்ணுதான் போல” என்றார் கொத்தனார். “அதை யாரு கட்டினதுன்னு தெரிஞ்சா கைகுலுக்கணும். இத்தனை பேர் ஏறியும் நிக்குதே!”

ஐந்து பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பூட்டுக்காரர், “என் பொண்ணு பள்ளிக்கூடம் போகறதை நிறுத்திட்டாளாம்” என்றார்.

ஜாமீன் கிடைத்து வெளியே வந்த அன்று மாலையே அச்சக முதலாளி வீடு தேடி ஓடி வந்தார். திருட்டு வழக்கில் மாட்டியவனை வேலைக்கு வைத்தால் பெயர் கெடும் என்று நான்கு பேரிடம் சொன்னவர்தான். ஆனால் இடைப்பட்ட நாளில் ‘திருமன அழைப்பிதழ்’ என்று அறுநூறு பத்திரிகை அடித்து விநியோகமும் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதலாளியின் மேசை மேல் ஏறி நின்று கத்தினார்களாம்.

“நாளைக்கே வந்துடுப்பா. பின் ரூம்ல உக்காந்துக்கோ, போதும்.”

“கேஸ் இருக்கே முதலாளி.”

“என் மேலயும்தான் போடுவோங்கறாங்க!”

வேலை திரும்பி வந்தது. வழக்கு அப்படியே நின்றது. தண்டனை வந்தால் மூன்று வருடம். அவருக்கு எதிராக இருந்தது அந்த ஒன்றரைப் பக்கமும் வளைந்த றெக்கை ஃபேனும்தான். ஃபேனைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. வாக்குமூலம் நின்றால் ஆள் உள்ளே. அது விழுந்தால் ஆள் வெளியே.

இலவசச் சட்ட உதவியில் வந்த வக்கீலம்மா கோப்பின் நகலைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எந்நேரமும் மூன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுகிறவர் அவர்.

“ஏன் சார், ‘சரி’ன்னு எழுதியிருக்கீங்களே! அடிச்சு வாங்கினாங்கன்னு நான் எப்படி வாதாடறது?”

“முழுசாப் படிங்க மேடம். ‘திருத்தங்களுடன் சரி’.”

“இந்த ஓரத்துல இருக்கறது உங்க இனிஷியலா?”

“ஐயோ, அது வால் சுழி.”

அவர் விளக்கினார். வக்கீலம்மா கேட்டார். மறுபடி ஒருமுறை கேட்டார். பிறகு மூன்று பையையும் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணாடி நழுவும்வரை சிரித்தார். “இதை நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க” என்றார், மூச்சு வாங்கியபடி. “உங்க திருத்தம் வேற யாருக்குப் புரியும்?”

“எங்க கம்போசிங் அக்காவுக்கு. என் கையெழுத்தை அவ திட்டாத நாளே இல்ல.”

விசாரணை நாள். அரசு வக்கீல் உற்சாகமாக இருந்தார். தாளை உயர்த்திக் காட்டினார். “ஐயா, இதைவிட மனப்பூர்வமான வாக்குமூலம் உண்டா? குற்றம் சாட்டப்பட்ட எதிரியே எழுத்துப் பிழையைத் திருத்தியிருக்கிறார். வரிக்கு வரி சுருக்கொப்பம் வைத்திருக்கிறார். ‘சுவற்றில்’ என்பதைச் ‘சுவரில்’ என்று மாற்றியிருக்கிறார்! சுவரில் ஏறாதவருக்குச் சுவரைப் பற்றி இவ்வளவு அக்கறை ஏன்?”

ரைட்டர் கூண்டில் நின்றார். “சொன்னதெல்லாம் அவர்தான் ஐயா. ஒரு வார்த்தைகூட என்னுது கிடையாது. நான் வெறும் பேனா.”

வக்கீலம்மா எழுந்தார். எதிரியின் திருத்தங்களை அரசுத் தரப்பே சாட்சியமாகக் கொண்டுவந்துவிட்டதால், அவற்றைச் செயல்படுத்திப் பார்க்க ஒரு வாய்ப்பு வேண்டும் என்றார். நீதிபதி மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தாளைப் பார்த்தார். பிழைகளைத் தாமே ஒருமுறை எண்ணினார் போலிருக்கிறது, உதடு அசைந்தது. அனுமதித்தார். ரைட்டர் கூண்டிலேயே நிற்கட்டும் என்றார்.

கம்போசிங் அக்காவை நீதிமன்றத்துக் கணினி முன்னால் உட்கார வைத்தார்கள். ஐந்தடிக்கும் குறைந்த உயரம். நாற்காலியில் கால் எட்டவில்லை. வழக்கு என்ன, கோர்ட் என்ன, எதுவும் தனக்குத் தெரியாது என்பதுபோல் தாளைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்.

“என்னண்ணா இது, இவ்ளோ பிழை? யாரு இந்த மேட்டர் குடுத்தது? ‘எணது’வாம்! போச்சு.” தட்தட்தட். “இந்த வரி வேண்டாம். இதுவும் வேண்டாம். இந்தப் பாராவே வேண்டாமா? அப்புறம் எதுக்கண்ணா இதுல உக்காந்து ‘சுவர்’ திருத்தினீங்க? தூக்கிப் போடற வரிக்குத் திருத்தம் பண்ணி என் உயிரை வாங்கறதே வேலை உங்களுக்கு!”

“அமைதி” என்றார் நீதிபதி. அவர் குரலும் கொஞ்சம் ஆடியது.

அக்காவின் விரல்கள் நின்றன. “இங்க தேதியில கேள்வி இருக்கு. இதை நானா மாத்த முடியாது, எழுதினவங்களைத்தான் கேக்கணும்.” தலையைத் தூக்கி, அச்சகத்தில் தினமும் நாலு தடவை கேட்கும் அதே அவசரக் குரலில் கேட்டார்: “ரைட்டர் யாருங்க இதுக்கு?”

“நான்தாம்மா” என்றார் ரைட்டர். இருபது வருடமாக அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறார்.

“ஒன்பதா, பதினொண்ணா? சீக்கிரம் சொல்லுங்க சார், எதைப் போடட்டும்?”

“பதினொண்ணே போடும்மா. ஒன்பதுன்னு போட்டா நடுவுல ரெண்டு நாள் இடிக்கும்.”

மின்விசிறி, அதாவது நீதிமன்றத்து மின்விசிறி, க்ரீச்சென்று ஒருமுறை முனகிவிட்டுச் சுற்றியது. ரைட்டர் தன் வாயைத் தானே பார்க்க முயல்பவர்போலக் கீழே குனிந்தார். அரசு வக்கீல் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“பேனா நன்றாகவே பேசுகிறது” என்றார் நீதிபதி. “அந்த இரண்டு நாளும் எதிரி எங்கே இருந்தார், பேனா?”

ரைட்டர் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

அச்சாகி வந்த தாளை நீதிபதி உரக்கப் படித்தார். நாலே நாலு வரி. ‘நான் எனது மனைவியுடன் வசிக்கிறேன். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை செய்கிறேன். காவலர்கள் என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். இதை நான் மனமுவந்து சொல்கிறேன்.’ மூன்றாவது வரியில் தேதிக்கான இடத்தை அக்கா காலியாக விட்டிருந்தார். பதில் தெளிவாக வராமல் எதையும் நிரப்ப மாட்டார். அது அவர் தொழில் ஒழுங்கு.

“இதில் குற்றம் எங்கே இருக்கிறது?” என்று அரசு வக்கீலைக் கேட்டார் நீதிபதி.

கடைசி வரிசையிலிருந்து மாடி வீட்டு மாமா, “அதானே!” என்றார். அவரை வெளியே அனுப்பினார்கள்.

ஆறாம் நாள் தீர்ப்பு. விடுதலை. ரைட்டரைப் பணியிடை நீக்கம் செய்து துறை விசாரணை. தீர்ப்பின் நகலைக் கையில் வாங்கியதும் ரெண்டு சுழி முதலில் சுழிகளை எண்ணினார். ஒரே ஒரு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. பேனா இருந்த பைக்கு மேல் மனைவி உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார். “என்னங்க, இதை மட்டும் விட்டுடுங்க.” விட்டுவிட்டார். அதைத்தான் தன் வாழ்நாளின் பெரிய தியாகம் என்கிறார்.

ஃபேன் பத்து நாள் கழித்து வந்தது. வழக்கு எண் எழுதிய அட்டை இன்னும் அதன் கழுத்தில் தொங்குகிறது. எடுக்க மனைவி விடவில்லை. சுற்றும்போது அட்டை பட்பட்டென்று அடித்துக்கொள்கிறது. மாடி வீட்டு மாமாதான் ஏணி கொடுத்தார். சைக்கிள் வரவில்லை.

பூட்டுக்காரர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ரெண்டு சுழி போய்ப் பார்க்கிறார். போன முறை, “என் தாளையும் நீ பாத்துத் திருத்தேன்” என்று அவர் கேட்டதற்கு, “கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பாக்கணும் அண்ணே. இப்ப கோர்ட்டுதான் பாக்கணும்” என்றார். விசில் அடிக்கும் காதைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

வக்கீலம்மா ஐந்து பேரின் வாக்குமூலங்களையும் ஒன்றாகக் கட்டி, ஐந்து வழக்குகளையும் மறுபடி பார்க்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார். வருகிற பதினாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு மனு விசாரணைக்கு வருகிறது. கிழமையைச் சரிபார்த்தாயிற்று.